டப்பாவின் அடியில் உன் சீட்டு

உன் சீட்டு ஒன்று என் தையல் மெஷின் மேல் இருக்கிறது. மில்லில் நூல் கோனின் தலையில் ஒட்டுவார்களே, அந்த வட்டச் சீட்டு. ஒரு பக்கம் அச்சடித்த நம்பர், மறுபக்கம் நீலப் பேனாவில் உன் கோழிக்கிறுக்கல். மூன்று வாரத்துக்கு முன்னால், ஜெபக் குறிப்பு போடுகிற பிஸ்கட் டப்பாவைக் கழுவி வைக்கலாம் என்று கவிழ்த்துத் தட்டினேன். இது விழவில்லை. அடியில் துருப்பிடித்த இடத்தில் ஒட்டிக் கிடந்தது. ஊசியால் நெம்பி எடுத்தபோது பஞ்சு வாடை வந்தது. வந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது.

அந்த டப்பா உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும் பெண்கள் தங்கள் கவலையைப் பேர் போடாமல் எழுதி அதில் போடுவார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வார்கள். தாளைக் கண்ணால் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். கோன் சீட்டில் எழுதுகிறவளும் நீ ஒருத்திதான்.

நீ முதலில் என் கடைக்கு வந்தது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கத்தான். பாளையம்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அப்போதுதான் கடை போட்டிருந்தேன். அளவெடுக்கும்போது மேஜை மேல் இருந்த வேதாகமத்தைப் பார்த்து, "இது கதப் பொஸ்தகமா?" என்று கேட்டாய். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "வேதம்" என்றேன் விறைப்பாக. "குடு, படிச்சிட்டுத் தாரேன்" என்றாய்.

வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. மில் ஷிப்டு முடிந்து வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து வாசித்தாய். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு உனக்கு. ஆனாலும் ஒன்றரை வருஷத்தில் முடித்துவிட்டாய். நாங்கள் யாரும் எட்டிப்பார்க்காத வம்ச அட்டவணையைக்கூட விடவில்லை. "இம்புட்டுப் பேரு பெத்திருக்காக, பெத்தவ பேரத்தான் காணாம்" என்று சிரித்தாய். எனக்கோ வேதம் என்றால் காலண்டர் வசனம், புது வருஷத்தில் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டை. பிடித்த அரை வரியைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்வேன். அதைப் பார்த்து நீ கேலி செய்வாய்: "ஏ இவளே, நீ கொழம்புல கறிய மட்டும் பொறுக்குற. நான் சோத்தோட பெசஞ்சு திங்கிறேன்."

ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று நீயாகத்தான் வந்து சொன்னாய். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் லோடுமேனாக இருந்த உன் புருஷன், "போ, என்னையக் கூப்பிடாத" என்று மட்டும் சொன்னாராம். உன்னைச் சபைக்குக் கூட்டிவந்தவள் நான் என்று எனக்குப் பெருமை. அதை எத்தனை பேரிடம் சாட்சியாகச் சொல்லியிருப்பேன்!

உன் அப்பா செத்த சேதி வந்தபோது நீ என் கடையில்தான் இருந்தாய். உன் புருஷன் லோடோடு தூத்துக்குடி போயிருந்தார். நான்தான் உன்னோடு பஸ் ஏறினேன். திருச்சுழி தாண்டி இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே விறகை மண் மூடி எரிக்கும் கரிமூட்டம். அந்த மூட்டம் போட்டேதான் உன் அப்பா கடைசிவரை பிழைத்தார். கூலிக்கு உழுத காடெல்லாம் கருவேலமாய்ப் போன பிறகு அவருக்கு அதுதான் வேலை.

ஆண்பிள்ளை இல்லாத மனிதர். கொள்ளி வைக்கப் பங்காளி மகன் ஒருவர் முன்வந்தார். நீர்மாலைக்கு மகள் வரவேண்டும் என்றார்கள். ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துத் தலையில் சுமந்து வந்து, செத்தவரைக் குளிப்பாட்டுகிற சடங்கு. நீ என் பக்கம் திரும்பினாய்.

"அப்பாவக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கிறது தப்பாவா போகும்?"

"தெரியல" என்றேன்.

"தெரியலையா, சொல்ல மாட்டியா?"

தப்பு என்றுதான் எனக்கு மனதில் பட்டது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. நீ குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மேளத்தின் பின்னால், நாலு பேர் பிடித்த வேட்டி நிழலில், தண்ணீர் தளும்பித் தளும்பி உன் தோளில் வழிய நடந்து வந்தாய். யாரோ ஒரு கிழவி உன் நெற்றியில் திருநீற்றை அப்பிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அது அப்படியே இருந்தது. "தொடச்சிக்க, யாராச்சும் பாத்தா" என்று கைக்குட்டையை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "அழுதுக்கிட்டே பூசிவிட்டாக. வீட்ல போயி மொகங் கழுவுனாப் போயிரும். அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றாய். அருப்புக்கோட்டை வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் செய்ததை எழுத இத்தனை பத்தி சுற்றிவந்திருக்கிறேன். நீ வரவில்லை, துக்கத்தில் வீட்டோடு இருந்தாய். வேறு குறிப்பு உண்டா என்று போதகர் மனைவி கேட்டார். நான் எழுந்து நின்றேன். தகப்பன் சாவில் பலவீனப்பட்டு, நீர்மாலை எடுத்து, நெற்றியில் பூசிக்கொண்டு வந்த நம் சகோதரிக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள் என்றேன். குரலைத் தழைத்துத்தான் சொன்னேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நம் சபையில் கோள் சொல்ல வேண்டுமென்றால் அதைக் கோள் என்று சொல்லக்கூடாது, ஜெபக் குறிப்பு என்று சொல்லவேண்டும். எனக்கு அது அன்றே தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கமிட்டி முன்னால் கூப்பிட்டார்கள். பெண்கள் சங்கத்தின் சார்பில் நானும் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். செத்தவர்களைச் செத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இயேசு சொன்ன வரியைப் போதகர் எடுத்து வைத்தார். சபை முன் நின்று செய்தது பாவம் என்று அறிக்கை செய்தால் முடிந்தது, இல்லாவிட்டால் திருவிருந்து கிடையாது என்றார்.

"அந்த வரி எனக்கும் ரொம்ப நாளா வெளங்கல பாஸ்டர்" என்றாய். "ஆனா அவரே சாகுற நேரத்துல ஆத்தாள ஒருத்தர் கையில ஒப்படைச்சிட்டுத்தான செத்தாரு? கூட்டாளி செத்ததுக்கு அழுதாருல்ல? நான் சாமி கும்பிடப் போகல. எங்கப்பன் ஒடம்பெல்லாம் கரி. அதக் கழுவ ஒரு கொடம் தண்ணி எடுத்தேன். அதப் பாவம்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

திருவிருந்து கிடையாது என்று போதகர் நோட்டில் எழுதிக்கொண்டார். வசனம் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். எழுந்து போகும்போது நீ ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாய். உன் ஊருக்கு உன்னோடு வந்தவள் நான் மட்டும்தானே.

உனக்குக் கோபம் வந்து வேறு சபைக்குப் போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீ போகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே தூண் ஓரத்து நாற்காலியில், எனக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாய். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத் துண்டும் சின்னக் கிண்ணங்களில் திராட்சை ரசமும் வைத்த தட்டு வரிசையில் கைமாறி வரும். நீ அதை இரண்டு கையாலும் வாங்கி, நீ எடுக்காமல், என் பக்கம் திருப்பி நீட்டினாய். உன் கையிலிருந்து வாங்கித்தான் மூன்று வருஷம் நான் குடித்தேன். தொண்டையில் இறங்கத்தான் செய்தது. மனுஷிக்கு எதுவும் பழகிவிடும்.

அந்த நாட்களில்தான் டப்பாவில் முதல் கோன் சீட்டு விழுந்தது. வழக்கம்போல எடுத்து, யோசிக்காமல் வாசித்துவிட்டேன். "என் கூட்டாளியோட மனப்பாரம் நீங்க ஜெபிக்கவும்." வாசித்து முடித்த பிறகுதான் அது யார் சீட்டு, கூட்டாளி யார் என்று உறைத்தது. அறை முழுக்க ஆமென் சொன்னது. நீ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்திருந்தாய். அதற்குப் பிறகு வாராவாரம் அதே சீட்டு, அதே வரி. எனக்காக நீ எழுதியதை என் வாயாலேயே வாசித்தேன். குத்திக்காட்டுகிறாய் என்று முதலில் ஆத்திரப்பட்டேன். பிறகு புரிந்தது, நீ நிஜமாகவே ஜெபித்துக்கொண்டிருந்தாய் என்று. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் உன் கையைப் பிடித்து, "நான்தான் சொன்னேன், மன்னிச்சிரு" என்று சொல்லியிருக்கலாம். எத்தனை ஞாயிறு, எத்தனை வெள்ளி! ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே வாய்வரை வரும். அப்புறம் மழை பெய்யுமா என்று கேட்பேன்.

பிறகு உனக்குக் கர்ப்பப்பையில் புற்று வந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஏழு மாதம் அலைந்தாய். நான் கஞ்சி கொண்டு வருவேன். ஒரு மத்தியானம், நாலு பேர் கூரையைப் பிரித்து, நடக்கமாட்டாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் இறக்கின கதையை வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். தூக்கிவந்த அந்த நாலு பேரைப் பற்றி ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன்.

"வாசல அடைச்சிக்கிட்டு நின்னது யாரு?" என்று கேட்டாய்.

"கூட்டம்."

"எதுக்கு வந்த கூட்டம்?"

"வசனம் கேக்க."

"பாத்தியா. கெட்டவுக யாரும் இல்ல. எல்லாரும் நல்ல வசனம் கேக்கத்தான் வந்திருக்காக. தெருப்பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாக, அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். எனக்காகச் சொன்னாயா, சபைக்காகச் சொன்னாயா என்று கேட்கப் பயந்தேன். கஞ்சித் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் போதகரிடம் போய், சாகப்போகிறவளுக்கு ஒரு தரம் திருவிருந்து கொடுங்கள் என்று கேட்டேன். அறிக்கை செய்யட்டும், அன்றே வருகிறேன் என்றார். கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் வரவில்லை.

நீ செத்தபோது சபைக் கல்லறையில் இடம் இல்லை என்றார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர்களுக்கு வழக்கம் இல்லையாம். உன் புருஷன் யாரிடமும் கெஞ்சவில்லை. உன்னை உன் அப்பா ஊருக்கே கொண்டுபோனார். அங்கே, அதே ஊருணிப் பாதையில், கையில் குடத்தோடு என்னிடம் வந்து நின்றார்.

"அவளுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்ல. கூட்டாளின்னா நீங்கதான். ஒரு கொடம் எடுக்கிறீகளா?"

சபையிலிருந்து வந்த மூன்று பேர் வேப்பமரத்தடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டவில்லை. "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆம்பளை எடுப்பதில்லை என்று யாரோ சொல்லச் சொல்ல, அவரே தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். உன் உடம்பில் பட்ட தண்ணீரில் என் கை எடுத்த தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை.

டப்பாவின் அடியில் கிடந்த சீட்டு, நீ கடைசியாக நடந்து வந்த வெள்ளிக்கிழமை போட்டதாக இருக்கவேண்டும். இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருக்கிறாய்: "என் கூட்டாளி அதச் சொல்ல வாயெடுக்கிறா, முழுங்கிடுறா. அவளத் திட்ட வேணாம் ஆண்டவரே. எனக்கு அவ மேல ஒண்ணுமில்ல."

சீட்டு கிடைத்த வாரத்து வெள்ளிக்கிழமையே அதை ஜெபத்தில் வாசித்தேன். வாசித்துவிட்டு, எழுதியவள் யார், கூட்டாளி யார், விழுங்கியது என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் மனைவி, "அடுத்த குறிப்புக்குப் போகலாம்" என்றார். டப்பாவை இப்போது வேறொருவர் வைத்திருக்கிறார்.

போதகரிடமும் போனேன். எனக்கும் ஒழுங்கு நடவடிக்கை எடுங்கள் என்றேன். "இதுல என்னம்மா தப்பு இருக்கு? அக்கறையிலதான சொன்னீங்க. மனசப் போட்டுக் குழப்பிக்காம திருவிருந்துல கலந்துக்குங்க" என்றார். நிஜமான பரிவோடுதான் சொன்னார். அப்பனுக்குத் தண்ணீர் எடுத்ததற்கு உனக்குச் சாகிறவரை தண்டனை. நான் செய்ததற்கு ஒரு நாள்கூட இல்லை.

இப்போது நானும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன், வம்ச அட்டவணை உட்பட. உன் விரல் பட்டு நைந்த ஓரங்கள் அப்படியே இருக்கின்றன. நீ இருந்தால், "மன்னிச்சாச்சுன்னு எழுதியே குடுத்திட்டேன், இன்னும் என்ன, வாங்கிக் குடி" என்று திட்டுவாய். தெரியும். ஒருநாள் குடிப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அது உன் கணவர் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய பிறகு. இன்னும் போகவில்லை.

போன ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு, உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. நீ வாங்குவதுபோலவே இரண்டு கையாலும் வாங்கி, எடுக்காமல், பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் கையில் அந்தத் தட்டு மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடச் சத்தம் போட்டதில்லை.