சார்ட்டில் இல்லை, நிஜமாகவே

செஞ்சி,
12-7-2025

நிர்வாக இயக்குநர் அன்புக்கரசி அவர்களுக்கு,

நர்சிங் விடுதியில் உன் சீருடையையும் சேர்த்துத் துவைத்த மணிமொழி எழுதுவது. போனில் சொன்னால் எதுவானாலும் எழுத்தில் கொடு என்கிறாய். கொடுக்கிறேன்.

உன் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக முப்பத்தெட்டு பேர். பகலில் நர்ஸ் என்று நானும் அஃப்ஷானும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்று நீயும்தான் படித்தாய். இரண்டு பேரால் முடியவில்லை. புரட்டிய நேரத்தைக் குறிக்கும் சார்ட்டில் டிக் இல்லாவிட்டால் சம்பளம் பிடிக்கிறாய். அதனால் காலையிலேயே சாயங்காலம் வரைக்கும் டிக் போட்டுவிடுகிறோம். நானும் போடுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வல்லத்துப் பச்சமுத்து ஐயாவை முதுகுப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போனது பன்னிரண்டு மணிக்கு. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அவரை இங்கே புரட்டியதாகச் சார்ட் சொல்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

உட்கார்ந்த நர்ஸ் கேமராவில் சோம்பேறியாகத் தெரிகிறாள் என்று நாற்காலிகளை எடுத்துவிட்டாய். வரவேற்பறையில் ராஜகிரி மலையைச் சுவரளவு வரைய ஆள் கிடைத்தது. இரண்டு நர்ஸ் மட்டும் கிடைக்கவில்லை போலும்.

மணிமொழி


புதுச்சேரி,
23-7-2025

அன்புள்ள மொழி,

கோபம் உன் கூடப் பிறந்தது, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் போடுவது அடுத்த வருஷம் பார்க்கலாம். ஸ்டாஃபுக்கு மனசு இருந்தால் இரண்டு பேரே போதும்.

இந்தக் கடிதத்தோடு அம்மாவை அனுப்புகிறேன். இடுப்பு எலும்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. வரவேற்பறை பக்கத்துத் தனி அறையைக் கொடு. நீ அம்மாவை மட்டும் பார்த்துக்கொள், ஹாலை அஃப்ஷான் பார்க்கட்டும். உனக்கு அவர் கையால் சாப்பிட்ட நன்றி இருக்கும். ஒன்றே ஒன்று: அம்மாவைச் சார்ட்டில் இல்லை, நிஜமாகவே புரட்டிப் படுக்க வை. அறையில் உனக்கு ஒரு நாற்காலியும் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்பு


செஞ்சி,
3-8-2025

அன்பு,

பத்து நாளாக உன் அம்மாவை நிஜமாகவே புரட்டுகிறேன். முதுகில் ஒரு சிவப்புத் திட்டு கூட இல்லை. பார், உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு ஆளுக்கு எத்தனை கை வேண்டும், நர்ஸுக்கு உட்கார இடம் வேண்டும், சார்ட் பொய். தெரியாமல் செய்கிறாய் என்று இத்தனை நாள் உனக்காக நானே வக்காலத்து வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதே பத்து நாளில் ஹாலில் சிங்கவரம் நாகம்மாளுக்கும் குஞ்சம்மாளுக்கும் புண் வந்துவிட்டது. அஃப்ஷான் ஒருத்தி என்ன செய்வாள்?

இன்று ஞாயிறு, சொந்தக்காரர்கள் வரும் நாள். காலையில் உன் கடிதத்தை வரவேற்பறை நோட்டீஸ் போர்டில் குத்தினேன். பக்கத்திலேயே என் கடிதத்தின் நகலும் இருக்கிறது, நான் போட்ட பொய் டிக்கும் ஊருக்குத் தெரியட்டும். பச்சமுத்து ஐயாவின் துணிமணியை எடுக்க வந்த அவர் மகன் சேரன், "சார்ட்டில் இல்லை, நிஜமாகவே" என்பதை எல்லாருக்கும் கேட்கப் படித்தார். உன் அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது.

உன் அம்மா கூப்பிட்டார். "இன்னாடி மொழி, இது எம் பொண்ணு எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம், "என்னைத் தூக்கிட்டுப் போயி ஹால்ல போடுங்க. அங்க இருக்கிறவங்களுக்கு எப்பிடியோ அப்பிடியே எனக்கும்" என்றார்.

மூன்று மணிக்கு மாற்றிவிட்டோம். இப்போது ஹாலில் பச்சமுத்து ஐயா இருந்த கட்டிலில் முப்பத்தெட்டாவது ஆள் உன் அம்மா ரத்தினம்மாள். கடிதம் கண்ட மறுநாள் காலையே வந்து உன் அம்மாவின் சார்ட்டில் நீயே டிக் போடு.

மணிமொழி