வலது ஸ்பீக்கர்

12.11.2000, ஞாயிறு

கார் செட் மக்கர் பண்ணுகிறது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. எண்பத்தைந்தில் மெட்ராஸ் பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் செட். இதுவரை பெல்ட் ஒரு தடவை மாற்றினேன், பல்பு ஒரு தடவை. சித்தூர் வெயிலில் கை வைத்தால் சுடும், அப்போதும் பாடும். டாக்சி ஸ்டாண்டில் துலுக்காணம் போன வருஷம் வாங்கிய புது செட் ஆறே மாசத்தில் கேசட் நாடாவை மெல்ல ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு கேலி செய்தேன் அவனை! இப்போது என் அம்பாசிடரில் வலது ஸ்பீக்கர் ஊமை. இடது பக்கம் மட்டும் பாட்டு வருகிறது, அதுவும் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். பலனில்லை.

வைகாசியில் தமிழரசு குவைத்திலிருந்து வந்துவிடுவான். அவனுடைய இரண்டு வருஷக் கெடு முடிகிறது. அதுவரை நான் வண்டியை ஓட்டிச் சமாளித்துவிட்டால் போதும். பிறகு அப்பனும் மகனும் மாற்றி மாற்றி ஓட்டலாம். அவனுக்குப் பாட்டில்லாமல் ஸ்டீயரிங் பிடிக்கவே வராது. செட்டைச் சரி செய்தே ஆக வேண்டும்.

19.11.2000

தமிழரசு போன் பண்ணினான். பூத்தில் லைன் படுமோசம். "கேக்கல, கேக்கல" என்று நான் கத்த, அவன் அம்மா மல்லிகா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு பத்து நிமிஷம் பேசினாள். அவளுக்கு மட்டும் லைன் எப்படிச் சரியாகிறதோ.

3.12.2000

புது ஸ்பீக்கர் போட்டாயிற்று. அதுவும் ஊமை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?

இன்று திருப்பதியில் சக்ரபாணி சுவாமிக்குச் சவாரி. கோயில் கைங்கர்யக் குடும்பம். ஊரே சுமோ வேண்டும், ஏ.சி. வேண்டும் என்று கேட்கிற காலத்தில் மலைக்குப் போக என்னைத்தான் கூப்பிடுகிறார். அவரை விட்டால் எனக்கு வேறு சவாரி இல்லை. "தேவேந்திரன், சித்த கொறைச்சு வையுங்கோ. காதை அடைக்கறது" என்றார். நான் வைத்ததே பாதிதான். வயதானவர், தாங்கவில்லை போலிருக்கிறது.

17.12.2000, ஞாயிறு

திருப்பதியில் உமாபதி கடை. செட் ரிப்பேரில் அவனை மிஞ்ச ஆளில்லை. கழற்றினான், பார்த்தான், மாட்டினான். "செட்டு பாகா கீதுண்ணா. தப்பே இல்ல."

"அப்ப ஏன் ரைட்டு பாடல?"

செட்டுக்குப் பின்னால் வலது வயரையும் இடது வயரையும் மாற்றிக் கொடுத்தான். செட்டில் கோளாறு என்றால் ஊமைத்தனம் இப்போது இடது பக்கம் போக வேண்டுமாம். போகவில்லை. வலதுதான் ஊமை. அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். பிறகு, "அண்ணா, முன்சீட்டுலயே மண்டி போட்டுக்கினு பின்னாடி திரும்பி உக்காரு" என்றான். என்ன விளையாட்டு இது என்று திட்டிக்கொண்டே திரும்பினேன்.

இத்தனை நாள் ஊமையாக இருந்த ஸ்பீக்கர் பாடியது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது ஊமையாகிவிட்டது.

உமாபதி செட்டை அணைத்தான். வயரைச் சுருட்டினான். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

18.12.2000

செட் நன்றாக இருக்கிறது. செட் நன்றாகத்தான் இருக்கிறது.

5.1.2001, வெள்ளி

மல்லிகாவிடம் சவாரி என்று பொய் சொல்லிவிட்டு வேலூரில் காது டாக்டரைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷமாகத் திறந்த ஜன்னல் பக்கம் இருந்த காது. காற்று, லாரி, ஹார்ன். நரம்பு போய்விட்டதாம், மருந்து கிடையாதாம். இடதும் குறைய ஆரம்பித்திருக்கிறதாம். "டிரைவர் வேலை வேணாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? ஐந்து மாசம். வைகாசி வரைக்கும் ஓட்டினால் போதும். கண்ணாடியை அடிக்கடி பார்த்து ஓட்டலாம். கண் நன்றாகத்தானே இருக்கிறது?

21.1.2001, ஞாயிறு

மலை ஏறும்போது வழியில் ஒரு ஜீப் பழுதாகி நின்றது. கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் வலது பக்கம் ஒடித்தேன். பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் வந்த பஸ் ஒன்று என் கதவுக்கு ஒரு சாண் தள்ளிப் பிரேக் போட்டு நின்றது. நான் மிதித்த பிரேக்கில் சக்ரபாணி சுவாமியின் வீட்டம்மாள் கமலவல்லி அம்மாளுக்கு முன்சீட்டில் நெற்றி இடித்துவிட்டது. வீங்கிவிட்டது.

"தேவேந்திரன், அவன் நாலு தரம் ஹார்ன் அடிச்சானே. கேக்கலையா?"

"பாட்டு சத்தத்துல கேக்கல சாமி."

"பாட்டே போடலையே."

இறங்கும்போது அந்த அம்மாள், "பாத்துப் போங்கோ" என்றார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

22.1.2001

மல்லிகாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்யா. ஒரு வருசமா உன் எடது பக்கமா வந்துதான பேசிக்கினு கீறேன். நீ கண்டியா?"

காணவில்லை. ஏன்டி சொல்லலை என்று கேட்டிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன், ஓட்டாமல் இருந்திருப்பேனா?

11.2.2001

வண்டியைத் துலுக்காணத்துக்குக் கொடுத்தாயிற்று. தமிழரசு வரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று பார்த்தேன். நிற்கிற வண்டிக்கு இன்சூரன்ஸ் யார் கட்டுவது, அதுவரை எதைத் துன்றது என்று மல்லிகா கேட்டாள். "செட்டைக் கழட்டி வச்சிக்கினு குடுக்கட்டுமா?" என்று துலுக்காணத்திடம் கேட்டேன். "அதுக்காகத்தாண்ணா வண்டியே வாங்குறேன்" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

20.3.2001

தமிழரசு கடிதம். "நைனா, நான் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வரேன். வண்டியும் இல்லாம ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா எப்படி? நீ மனசுல வச்சிக்காத." மூன்று தடவை படித்தேன். மல்லிகா சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டாள்.

என்னால்தான். வேறு யாரால்?

14.6.2001, வியாழன்

மாங்கூழ் ஃபாக்டரியில் பத்தாவது நாள். பாய்லரும் அரைக்கிற மெஷினும் போடுகிற சத்தத்தில் இங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். கூடையைத் தூக்கு, தண்ணீரை நிறுத்து, சாப்பிட வா, எல்லாம் கைதான். நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். என் காதைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது.

இன்று மத்தியானம் மேனேஜரை இறக்கிவிட வாசலுக்கு வண்டி வந்தது. என் வண்டி. ஸ்டீயரிங்கில் துலுக்காணத்தின் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் போய்க் குனிந்து, என்ன பாட்டு என்று கேட்டேன். வாயசைத்தான். இடது காதை ஜன்னலுக்குள் கொடுத்தேன். அவன் நல்லவன், எனக்காக இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

நல்ல பாட்டு என்று கையைக் காட்டினேன். லாரி வந்துவிட்டது, உள்ளே போய்க் காய் இறக்கினேன்.