முன்வரிசை நாற்காலி

டிசம்பர் 14, ஞாயிறு

குடிசை எரிந்தவர்களுக்காக எங்கள் தேவாலயத்தில் இன்று மதராஸ் வாத்தியக் குழுவின் கச்சேரி. எங்கள் சபையில் யாரும் தரையில் உட்காரக் கூடாது. நான்தான் இடம் ஒதுக்கினேன். அஞ்சலையை முன்வரிசையில், நன்கொடை தந்த மிராசுதார் பக்கத்தில் உட்கார வைத்தேன். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கூலியை உயர்த்திக் கேட்டதற்காக அவள் குடிசையைக் கொளுத்தியது அவருடைய ஆட்கள். அது எனக்குத் தெரியும்.

வயலின்கள் தொடங்கியதும் அவர் அவள் பக்கம் சாய்ந்தார். "இது ஓட்டுக் கூரைதான் அஞ்சலை. பயப்படாம உக்காரு."

அவள் நழுவித் தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயே இருந்துக்கிறேங்கம்மா."

எல்லோரும் பார்த்தார்கள். நான் அவளைத் தூக்கி மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தேன். கச்சேரி முடியும்வரை, அவள் எழாதபடி, பின்னால் நின்று தோளை அழுத்திப் பிடித்திருந்தேன்.

"எவ்வளவு அன்பா பாத்துக்கிட்டீங்க," என்றார் போதகர்.

நன்றி சொன்னேன்.