பகல் தூக்கம்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு என் ஈரல் பொருந்துகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, தம்பிக்கு ரத்த வகை வேறு. மிச்சம் நான்தான். ஆனால் இப்போதே கொடுக்க முடியாதாம். என் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி இங்கே, இங்கே என்றார். எனக்கு எல்லாமே சாம்பலாகத்தான் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. கொழுப்பு கரைஞ்சதும் ஆபரேஷன் வெச்சிடலாம். ரெண்டு மாசம் அப்பா தாக்குப்பிடிப்பாரு."

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"பொண்ண நல்லா கவனிச்சுக்கங்க."

லிப்டுக்குக் காத்திருந்தபோது அப்பா கதவில் காதை வைத்துக் கேட்டார். அவர் லிப்ட் மெக்கானிக். மஞ்சள் பூத்த கண்ணோடும் அந்தப் பழக்கம் போகவில்லை. "பேரிங் போச்சு. யாரும் பார்க்கிறதில்ல போல," என்றார். பிறகு என்னிடம், "ஏன் ஆபீசர், உன் ஈரல் எனக்குள்ள வந்தா எனக்கும் இங்கிலீஷ் வந்துடுமா?"

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் நான் ஆபீசர். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

என் வேலையை அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இரவெல்லாம் மன்னிப்பு தட்டச்சு செய்வதுதான் அது. நேற்று ஒருவருக்கு இரண்டுமே இடது கால் செருப்பாகப் போயிருக்கிறது. 'தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.' வாய் திறந்து பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலையை எடுத்தேன்.

விடிந்து வீடு வந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் அம்மா உலுக்குகிறாள்.

"எந்திரி. பகல்ல தூங்கினா உடம்பு ஊதும்டி."

"எனக்குப் பகல்தானேம்மா ராத்திரி?"

"அது உன் ஆபீசுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியுமா? வெயில் சுள்ளுனு அடிக்குது பாரு."

என்னைப் பிடித்து உட்கார வைத்து, முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மொட்டை மாடிக்கு நடக்க அனுப்பினாள். பின்னாலேயே வெள்ளரிக்காய் நறுக்கிய கிண்ணத்தோடு வந்தாள். அவளுக்கு மூட்டு வலி. படி ஏறும்போது கைப்பிடியை எப்படிப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று பார்த்தேன். எப்படி மறுப்பது?

மார்ச் 15, சனி

இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

மார்ச் 22, சனி

இது பசியா? பசி எனக்குத் தெரியும், இது அப்படி இல்லை. விடியும் நேரத்தில் கை தானாகப் போகிறது. அலுவலகத்தில் காசு போட்டால் பிஸ்கட் தள்ளும் பெட்டி ஒன்று இருக்கிறது. இன்று மூன்று பாக்கெட். கழிவறைக்குள் நின்று, உறை சத்தம் வெளியே கேட்காமல் தின்றேன். அங்கே அப்பா வீங்கிய வயிற்றோடு படுத்திருக்கிறார், இங்கே நான்— சீ.

நாளை ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான்கு கிலோ. டாக்டருக்குத் திருப்தி. கூடவே மருத்துவ மாணவர்கள் சிலர், என் வயதுதான் இருக்கும், வட்டமாக நின்று என்னையே பார்த்தார்கள்.

"சாப்பாடு சரி. தூக்கமெல்லாம் எப்படி?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பகல்ல கண்ண மூட விடமாட்டேன் டாக்டர். அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு."

"ரொம்ப நல்லதும்மா. அப்பதான் ராத்திரி நல்லா தூக்கம் வரும்," என்று எழுதிக்கொண்டார்.

நான் இரவு வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாதே. சொல்ல வேண்டுமா? சொல் நாக்கு வரை வந்தது. அத்தனை கண்கள். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். எடைதான் குறைகிறதே, அம்மா சொல்வது சரிதானோ என்னவோ.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவின் முகத்தில் வெளிச்சம். "டாக்டரே சொல்லிட்டாரு பார்த்தியா?"

ஏப்ரல் 9, புதன்

அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, லிப்டில் ஏறிய யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல மரியாதையாக, "எந்த மாடிக்குப் போகணும்மா?" என்று கேட்டார்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டாவது ஸ்கேன். அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள், அம்மா அவர் பக்கத்தில். நான் தனியாகப் போனேன். ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். ஆனால் ஈரல் அப்படியே இருக்கிறது.

"கொழுப்பு அசையவே இல்ல. சதைதான் கரைஞ்சிருக்கு," என்று டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ராத்திரி வேலையா? அப்ப எப்பத்தான் தூங்குறீங்க?"

"காலையில... கொஞ்ச நேரம். அம்மா எழுப்பிடுவாங்க. பகல்ல தூங்கினா குண்டாயிடுவேன்னு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தூங்காமல் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுச் சதையை எடுத்துச் செலவழிக்குமாம். பசியும் தாறுமாறாகுமாம். கழிவறையில் நின்று தின்ற பிஸ்கட் ஞாபகம் வந்தது.

"அதனாலதானா டாக்டர்?"

"அது ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா அது சின்ன விஷயம் இல்ல. இனிமே நல்லா தூங்குங்க. மூணு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

"அப்பாவுக்கு மூணு வாரம் இருக்கா?"

அவர் திரையைப் பார்த்தார்.

வெளியே அம்மா ஓடி வந்தாள். "என்னடி சொன்னாரு?"

"ராத்திரி வேலைய விடச் சொன்னாரும்மா."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை எந்த வாயால் சொல்வது?

ஏப்ரல் 24, வியாழன்

மேலாளரிடம் பகல் வேலை கேட்டேன்.

"பகல்ல போன்லதான் சீட் இருக்கு. நீயா பேசப் போற? பக்கத்து சீட்டுல கேட்டாக்கூட எழுதித்தானே காட்டுவ!"

"பேசுவேன் சார்."

முதல் அழைப்பில் எனக்குக் குரலே எழும்பவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெரியவர், "யாராச்சும் இருக்கீங்களா, இல்ல மெஷினா?" என்றார். "இருக்கேன் சார், இருக்கேன்," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

இரவு படுத்தேன், காலையில் விழித்தேன். இவ்வளவு சுலபமா இது? பிஸ்கட் பெட்டியைக் கடந்துதான் போனேன், அது அங்கே இருப்பதே நினைவில் இல்லை.

மே 3, சனி

அப்பாவின் வயிற்று நீரில் கிருமி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனி ஈரல் கிடைத்தாலும் அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டாராம்.

நான் தூங்கிட்டுத்தானே இருக்கேன். இப்பத்தானே சரியாத் தூங்க ஆரம்பிச்சேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கக் கூடாதாப்பா? கொஞ்ச நாள்தானே கேட்டேன்—

மே 6, செவ்வாய்

அப்பா போய்விட்டார்.

மே 19, திங்கள்

நான் விடுப்பில் இருந்தபோது போன் இருக்கையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி இரவு வேலை. காலையில் வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அம்மா ஜன்னலில் தடித்த போர்வையைக் கட்டியிருந்தாள். அறை இருட்டாக இருந்தது. சமையலறையில் மாடி வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"எங்க அவ? தூங்குறாளா? விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! பகல்ல இப்படித் தூங்கவிட்டா உடம்பு வெச்சிடும்க்கா. நீதானே எங்களுக்கெல்லாம் சொல்லுவ?"

"மெதுவாப் பேசு."

"இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா—"

"அப்படிச் சொல்லாத. இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாத." அம்மாவின் குரல் உடைந்தது. "இவ ஈரல் ஏன் சரியாகலன்னு நான் டாக்டரப் பார்த்துக் கேட்டுட்டு வந்துட்டேன்."

அக்கா என்ன கேட்டாள் என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு ஓசையில்லாமல் திறந்தது. அம்மா வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

நான் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை நீளமாக, சீராக விட்டேன். நான் தூங்குகிறேன் என்று அவள் நம்ப வேண்டும்.