திரும்பினான் என்று எழுதினேன்

அக்கா,

பேத்திக்கு மகள் வாங்கி வந்த அட்டைப் புத்தகத்தை இன்று வெயிலில் காயவைத்தேன். பல் முளைக்கிற பிள்ளை. நான்கு முனையையும் கடித்து ஊறவைத்திருக்கிறாள். எச்சிலில் நனைந்த அட்டையின் புளித்த வாசனை வந்ததும், கீழப்பழுவூரில் நீங்கள் நடத்திய பால்வாடி கண்முன் வந்து நின்றது. நீங்கள் கண்மூடி ஒரு மாதம் ஆகிறது. இன்றுதான் உங்களோடு பேச வாய் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். நமக்கெல்லாம் அப்போது மாவட்டம் திருச்சி. கைக்குழந்தைகளுக்கும் தவழும் பிள்ளைகளுக்கும் படப் புத்தகம் வாங்கப் போகிறார்கள், எது நல்லதென்று பிள்ளைகளிடமே காட்டிப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று மேற்பார்வையாளர் நான்கு புத்தகங்களைக் கொண்டுவந்தார். அரியலூர் பால்வாடியில் வேலை பார்த்த நான் டவுன் பஸ்ஸில் வந்தேன். நீங்கள் பக்கம் புரட்ட வேண்டும், நான் தாளில் குறிக்க வேண்டும். பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறது, கை வைக்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா.

ஒரு புத்தகத்தில் யானை கால்சட்டை போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அது யானையாகவே படவில்லை. இன்னொன்றில் ஒரே பக்கத்துக்குள் சந்தையே இருந்தது. எந்தக் கண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்றாவதன் சாயம் ஈர விரலில் ஒட்டியது. பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிட்டீர்கள். நான்காவதில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. மாடு, சொம்பு, காக்கை. தடித்த கறுப்புக் கோடு. பிள்ளைகள் தவழ்ந்து வந்து கை வைத்தார்கள்.

எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தவன் உங்கள் மகன். ஒன்றரை வயது. பெரிய படிப்பாளியாக வருவான் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டு வெளியே போனார். அப்போது சமையலறையில் ஆயாவின் கை தவறிக் குண்டான் விழுந்தது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேர் அழுதார்கள். உங்கள் மகன் மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அதற்கு முன்பே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "எழுதிடாத. வூட்டுல யாருக்கும் தெரியாது. நான் வேலைக்கு வந்ததாலதான் இப்படின்னு நிறுத்திப்புடுவாங்க."

அவன் பெயருக்கு நேராக, 'திரும்பினான்' என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்தான் நம்மை மாட்டிவிட்டது. தாளைப் படித்த மேற்பார்வையாளர், அடுத்த வாரம் பெரம்பலூரில் அதிகாரிகள் முன்னால் காட்ட இந்தப் பையனையே அழைத்து வரச் சொன்னார். கூட்டத்துக்குள் நுழைந்ததும் உங்கள் கால் தயங்கியது. வேறொரு ஊரில் ஆயாவாக இருந்த உங்கள் நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி அவன் பின்னால் நின்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பிறகு சத்தமாக. அவர் தாளை எடுத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"எழுதுனவ மேல தப்பு இல்லைங்க சார், நான்தான் எழுதச் சொன்னேன். இவனுக்குக் காது கேக்காது."

பிறகு நான்காவது புத்தகத்தை விரித்து அவன் முன்னால் நீட்டினீர்கள். சொம்புப் படத்தைப் பார்த்தவன் தள்ளாடி நடந்துபோய், அதிகாரியின் மேசையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தொட்டான்.

"ஒரு வார்த்த கேக்காத புள்ளைக்கே புரியுது. இதையே வாங்குங்க சார்."

அதையேதான் வாங்கினார்கள். நாத்தனார் உங்களுக்கு முன்பே ஊருக்குப் போய் வீட்டில் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் உங்களை வேலைக்கு விடவில்லை. மூன்றாவது மாதம் யாரிடமும் கேட்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினீர்கள். அங்கே காது கேளாதோர் பள்ளியில் படித்தவன் இன்று தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான். 'முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே' என்று அன்று திருச்சி டாக்டர் கேட்டதை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னீர்கள்.

வேலையில் இருந்த காலமெல்லாம், புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன், அக்கா. திரும்பாத பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களின் அம்மாக்களிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். ஒருத்தி என்னைத் திட்டினாள்; ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை.