கழித்தலுக்கும் முன்னால்தான் போக வேண்டும்

என்னைத் திட்டிவிட்டு உடனே தலைவாரி விடுகிற என் அக்காவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். உன் பெயரைக் கேட்டாலே அழுகிறவள், இதைப் பார்த்தால் என்ன ஆவாள்?

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் என்னை உட்கார வைத்து நடத்திப் பார்த்தாய். "விடை கிடக்கட்டும்டி, எப்டி யோசிச்ச?" என்று குடைந்தாய். உண்மையான வகுப்புக்குப் போகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாய். நான் இப்போது ஐந்தாம் வகுப்பு. எப்படி யோசித்தாய் என்று இங்கே யாருமே கேட்பதில்லை.

இன்று சார் ஆயிரத்தில் 398-ஐக் கழிக்கச் சொன்னார். நான் 602 என்று மட்டும் எழுதினேன். "வழி எங்க?" என்றார்.

நாம் பௌர்ணமிக்கு மலை சுற்றினோமே, அதுதான் என் வழி. பாதியில் கால் வலித்துத் திரும்பிவிடலாம் என்று அழுதேன். "கிரிவலத்துல திரும்பக் கூடாதுடி. அடுத்த லிங்கத்துக்கு எவ்ளோ, அங்கேர்ந்து கோபுரத்துக்கு எவ்ளோ, அத மட்டும் பாரு" என்றாய். வீட்டுக்கு வந்ததும் கழித்தலையும் அப்படியே போட வைத்தாய். 398-லிருந்து 400-க்கு இரண்டு. அங்கிருந்து ஆயிரத்துக்கு அறுநூறு.

பயத்தில் எண்களைச் சொல்ல வரவில்லை. "திரும்பக் கூடாது சார், முன்னாடிதான் போகணும்" என்று உளறிவிட்டேன்.

"இது இன்னா கணக்கு கிளாஸா, கிரிவலமா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி "அரோகரா!" என்றாள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதினேன் என்று சார் முடிவே செய்துவிட்டார். நாளைக்கு எல்லார் முன்னாலும் காப்பியடித்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அம்மாவை எப்படிக் கூப்பிடுவேன்? நீ போனதிலிருந்து அவள் கடைக்குக்கூடப் போவதில்லை. சாயங்காலம், சார் என் கணக்குக்குத் தப்பு போட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். "அவுரு சொல்ற மாதிரியே போட்டுட்டு வந்துடேன்டி, உனுக்கு ஏன் இந்த வம்பு?" என்றாள்.

சார் சொல்லும் வழியும் எனக்குத் தெரியும் அக்கா. கடன் வாங்கி, பூஜ்யத்தை அடித்து அதன் மேல் ஒன்பது போட வேண்டும். ஏன் ஒன்பது என்று கேட்டால் "போடுன்னா போடு" என்கிறார். ஏன் என்று கேட்கப் பழக்கினாயே, கேட்டால் அடி விழும் என்று ஏன் சொல்லவில்லை? எனக்காக இப்போது யார் பேசுவார்கள்?

யாரும் வரமாட்டார்கள். அதனால் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நாளைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சாக்பீஸ் கேட்பேன். வேறு எண் கொடுங்கள் சார் என்பேன். அவர் எந்த எண் கொடுத்தாலும் போர்டில் ஒரு கோடு போட்டு, எங்கே நின்றேன், எங்கே போனேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவேன். சிரிப்பார்கள். ஆனாலும் கோடு முடிகிற வரைக்கும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நீ பாடம் நடத்திய ஒரே வகுப்பு,
உன் தங்கச்சி மீனா