பிள்ளைக் காம்பராவில் பாதியில் நின்ற பாட்டு

என் அன்பு மாப்பிள்ளை சந்திரனுக்கு,

சௌக்கியமா என்று எழுதப்போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன். நாங்கள் இருக்கிறோம். உன் கஹவத்தைக் கடையை நீ கட்டிய என் தங்கச்சிதான் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து நீ நாடகம் எழுதிவைத்த கொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிங்களத்தில் மொழிபெயர்த்த ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு, தலையும் வாலும் இல்லாமல் ஒரு பாட்டு நாடகம் எழுதினாயே! கதை எங்கே என்று கேட்டால், "அமெரிக்காவுல சந்துக்குள்ள சின்ன மண்டபத்துல இப்படித்தான் போடுறாங்களாம் மச்சான். கதை வேணாம், சத்தம் போதும்" என்பாய். கோயில் மேடை கிடைக்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை அவிழ்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போட்டோம்.

பாதி ஆட்டத்தில் சனம் எழுந்து போய்விட்டது. "நம்ம சனத்துக்குப் புடிக்கல மச்சான்" என்று கொப்பியை மூடினாய். கடைசிப் பாட்டைப் பாடவேயில்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவுமில்லை.

அது உண்மையில்லை, மாப்பிள்ளை.

உன் ஆட்டத்துக்குத் தப்பு மேளம் அடித்தது நான். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிட, அடிக்கிற கை இது. நீ சொல்லித்தந்த அடியை மறந்து, பாட்டின் நடுவில் பெரட்டு அடிக்கே போய்விட்டது. கஹவத்தை பஜாரில் பிறந்த உனக்கு அது வெறும் தாளம். தோட்டத்துச் சனத்துக்கு அப்படியா? வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்து லயத்து வீட்டுப் பாக்கியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையும் வேல போட்டுட்டாங்களா தம்பி? பேரு குடுக்கணும்ல?" என்று கேட்டது. விஷயம் தெரிந்ததும் வெட்கப்பட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். தினம் மேளம் அடிக்கிறவனுக்குக் கை பிசகியது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்றே நான்கு வருஷம் ஓடிற்று. நெஞ்சுவலி முந்திக்கொண்டு உன்னைக் கொண்டுபோய்விட்டது. என்னை மன்னிப்பாயா?

நேற்றுப் பாக்கியக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அடப்பாவி, ஆட்டம் புடிக்காம நாங்க எந்திரிச்சுப் போனதாவா அந்த மனுசன் நெனச்சாரு? எனக்கு இன்னும் அந்தப் பாட்டு வாயில வருதே!" என்று அழுதது. பாடியும் காட்டியது. பாதி நீ எழுதியது, மீதி அதன் சொந்தச் சரக்கு.

வருகிற ஞாயிறு அதே காம்பராவில் மறுபடி ஆட்டம். கடைசிப் பாட்டைப் பாக்கியக்கா பாடும். தங்கச்சி முன்வரிசையில் இருப்பாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மேளத்தைத் தொடுமுன் எழுந்து நின்று, அன்றைக்கு உன் ஆட்டம் பிடிக்காமல் யாரும் எழுந்து போகவில்லை, நான்தான் அவர்களைக் கிளப்பினேன் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது சத்தியம்.

சொல்லாமல் இருந்துவிட்ட
உன் மச்சான்,
முத்தையா